அதுவும் சேர்த்திதான்

மூன்றாவது வீட்டுக் கதவையும் தட்டிவிட்டு நின்றான் சக்கரபாணி. உள்ளே பாடிக்கொண்டிருந்த ரேடியோ, தட்டியதும் நின்றது. யாரும் வெளியே வரவில்லை.

விடியற்காலையில் அவனுடைய அண்ணன் பரசுராமன் மூச்சுத்திணறி இறந்துபோனார். இப்போது மணி இரண்டு. பாடை கட்டியாகிவிட்டது, தூக்க நாலு பேர் இல்லை. மறுநாள் தீபம் என்பதால் பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். அண்ணனுக்குப் பிள்ளை கிடையாது. கொள்ளிச்சட்டி தூக்க வேண்டியவன் சக்கரபாணி, அவன் தோள் கணக்கில் வராது. அன்றைக்குத் திருவண்ணாமலையில் ஆளுக்கா பஞ்சம்? பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருக்காரர்களுக்கு மட்டும் ஒரே நாளில் தோள்வலி.

காரணம், இரண்டு வருஷத்துக்கு முன்பு, எண்பத்தெட்டில் நடந்த திருவிழாப் பட்டிமன்றம். உலகம் சூடாவது மனிதனாலா, காலத்தாலா என்பது தலைப்பு. பரசுராமன் ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார். மில் புகையும் லாரிப் புகையும் சேர்ந்து பூமியைச் சூடேற்றுகிறது என்று, பேப்பரில் வந்ததைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தவர். மனிதனால்தான் என்று அவர் பேசினார். காலத்தால் என்று எதிரணியில் பேசியவன் சக்கரபாணி. தாலுகா ஆபீஸில் கிளார்க், ஆனால் உயிரெல்லாம் மைக்கில். விழாக் குழுத் தலைவர் அப்பாசாமி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அரிசி மில். அண்ணன் பேசப் பேசக் கூட்டம் கப்சிப்பென்று கேட்டது. தோற்றுவிடுவோம் என்று தெரிந்ததும் சக்கரபாணி எழுந்தான்.

"நம்ம மலை மேல எரியற தீபம்கூட உலகத்த சூடாக்குதுங்களா? ஆமாவா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்க."

வேறு யாராக இருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பார்கள். அந்த மனுஷருக்கு மழுப்ப வராது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரொம்ப ரொம்பக் கம்மி. ஆனா கணக்குன்னு பாத்தா அதுவும் சேர்த்திதான்."

அப்படித்தான் சொல்வார் என்பது சக்கரபாணிக்குத் தெரியும். முந்தின நாள் அண்ணன் வீட்டில் சாப்பிடும்போது, சந்தேகம் கேட்பதுபோல இதையே கேட்டு வைத்திருந்தான். அண்ணி ஆதிலட்சுமி அப்போது இருவருக்கும் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மேடையில் செருப்பு வந்து விழுந்தது. மறுநாளிலிருந்து அவர் 'தீபத்த அணைக்கச் சொன்ன வாத்தியார்'. டியூஷன் பிள்ளைகள் நின்றார்கள், பாலும் நின்றது. சக்கரபாணிக்குச் சால்வை போர்த்தினார்கள். ஏன்டா அப்படிக் கேட்டாய் என்று அண்ணன் ஒருநாளும் கேட்கவில்லை. தம்பிக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

இப்போது வேறு போக்கிடம் இல்லாமல் அந்த அப்பாசாமி வீட்டு வாசலில்தான் போய் நின்றான்.

"ஆளுதானே? மில்லுலருந்து எட்டுப் பேர அனுப்பறேன்" என்றார் அப்பாசாமி. "ஆனா நாளைக்கி ஊரு என்னியக் கேக்கும் பாரு. நீ ஒரு வார்த்த சொல்லிடு."

"இன்னான்னுங்க?"

"புகையால ஒண்ணும் ஆவாது, நான் சொன்னது தப்புன்னு கடைசில உங்கிட்ட சொன்னாருன்னு. அங்கியே, பொணத்துக்கு முன்னால."

எட்டுப் பேரும் வந்தார்கள். அவர்கள் வந்ததும் தெருவுக்கும் கால் முளைத்துவிட்டது. சக்கரபாணி அண்ணியிடம் குனிந்து விஷயத்தைச் சொன்னான்.

"அவரு அப்டி சொல்லலியே தம்பி" என்றாள் அவள். "விடியக்காலைலகூட அந்தப் பேப்பரத்தான் எடுக்கச் சொன்னாரு."

"பொழுது போவுது அண்ணி."

"நான் ஒரு பக்கம் தூக்கறேன். இன்னும் மூணு பேரு கெடைக்க மாட்டாங்களா?"

மில் ஆள் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சக்கரபாணி நிமிர்ந்து தொண்டையைச் செருமினான். ஒரே வாக்கியம் போதும். ஆனால் தெரு நிறைய ஆள் நின்றதைப் பார்த்ததும் குரல் தானாக ஏறியது. "என் கையப் புடிச்சிக்கினு எங்கண்ணன் சொன்னாரு" என்று ஆரம்பித்தான். சாகும்போது அவன் அங்கே இல்லவே இல்லை. அண்ணன் அழுததைச் சொன்னான், மலையைப் பார்த்துக் கும்பிட்டதைச் சொன்னான், எங்கே நிறுத்தினால் எடுபடும் என்று பார்த்து அங்கே நிறுத்தினான். வெட்கத்தைவிட்டுச் சொல்வதானால், அவனுக்கு அது பிடித்திருந்தது. ஆதிலட்சுமி அழவில்லை. பிணத்தின் காதுப் பக்கமாக வந்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாமலையாரு கடைசிலயாவது நல்ல புத்தி குடுத்தாரே. தூக்குங்கப்பா" என்றார் அப்பாசாமி.

சுடுகாட்டில் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் சக்கரபாணியின் தோளில் கை போட்டார். "அடுத்த வருசம் நீதான்டா நடுவரு."

இருட்டுவதற்கு முன்பே வீடு திரும்பினார்கள். ஆதிலட்சுமி வாளியும் செம்புமாக வாசலில் நின்று, ஒவ்வொருவர் காலுக்கும் தண்ணீர் ஊற்றினாள். மொட்டைத் தலையும் ஈரவேட்டியுமாகக் கடைசியில் வந்தான் சக்கரபாணி. அவனுக்கும் ஊற்றினாள்.

"அண்ணி."

"ரொம்ப உபகாரம் சார்" என்றாள். "எல்லாரும் வந்து எடுத்துக் குடுத்தீங்க. நாளைக்கி பால் தெளிக்க நானே போயிக்கறேன்."

செம்பு காலியாகும் வரை ஊற்றிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் ஒரு காலைத்தான் கழுவியிருந்தான்.