ஏரிமேல் வெண்டலின் வண்டி

மளிகைக் கடை வாசலில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்த மார்லிஸ், சீட்டுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, "தேதி எழுது, மணியும் எழுது" என்றாள். ஊர்த் தீயணைப்புப் படைக்காக வருஷா வருஷம் விற்கிற சீட்டுதான். ஏதாவது ஒரு ஓட்டை வண்டியின் இன்ஜினைக் கழற்றி, எண்ணெயெல்லாம் வடித்துவிட்டு, உறைந்த ஏரியின் மேல் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பனிக்கட்டி இளகி, வண்டி என்றைக்கு எத்தனை மணிக்கு உள்ளே விழும் என்று ஊரே சீட்டு வாங்கிக் கணக்குப் போடும். தூண்டில் கடைச் சுவரிலுள்ள கடிகாரத்திலிருந்து ஒரு கம்பி அந்த வண்டிவரை போகும். வண்டி விழுந்தால் கம்பி பிடுங்கிக்கொண்டு கடிகாரம் நின்றுவிடும். நாற்பது வருஷமாக வாங்குகிறேன், ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

"இந்த வருஷம் சீட்டு பறக்குதுடி. எல்லாம் உன்னாலதான்" என்றாள் மார்லிஸ்.

"நான் என்னடி பண்ணேன்?"

"பாரேன், ஒண்ணுமே பண்ணாத மாதிரி கேக்கறத! நானா இருந்தா எனக்கு மனசு வந்திருக்காது, வெர்னா. வெண்டல் ஆசப்பட்டார்னு அப்படியே தூக்கிக் குடுத்துட்டியே." அவள் காகிதக் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஐந்து வாரம் டுலுத்தில் அக்கா வீட்டில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தேன். மார்லிஸின் தோளுக்கு மேலே ஏரியைப் பார்த்தேன். பனிக்கட்டிமேல் போட்டிருந்த மீன்பிடிக் குடில்களையெல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். வெறிச்சென்று கிடந்த ஏரியின் நடுவில், பக்கவாட்டில் மரப்பலகை ஒட்டிய ஒரு வண்டி, மதிய வெயிலில் பளபளவென்று நின்றது. என் புருஷன் வெண்டலின் வண்டி.

ஐயோ என்று கத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பேனாவை வாங்கி, ஏப்ரல் பதினொன்று, பிற்பகல் இரண்டு மணி என்று எழுதிக் காசையும் கொடுத்தேன். ஏப்ரல் பதினொன்று வெண்டலின் பிறந்த நாள்.

அது சாதாரண வண்டி இல்லை. எண்பத்தொன்பதாம் வருஷத்து கிராண்ட் வேகனீர் ஜீப். காடு மேடு எல்லாம் ஏறும், உள்ளே உட்கார்ந்தால் தோல் இருக்கை. இன்றைக்கு அந்த மாதிரி வண்டிக்கு எத்தனை பேர் அலைகிறார்கள் என்று எனக்குத் தெரியும். மினியாபொலிஸிலிருந்து கோட்டுப் போட்ட ஆட்கள் வந்து எங்கள் ஷெட்டுத் தரையில் மல்லாந்து படுத்து அதன் அடிவயிற்றைப் பார்த்துவிட்டுப் போவார்கள். வெண்டல் பதினாறு குளிர்காலம் அதைப் பழுதுபார்த்து மல்லுக்கட்டினார். பனி உருகச் சாலையில் உப்புப் போடும் மாதங்களில், துருப்பிடிக்கும் என்று வெளியே எடுக்கவே மாட்டார். கோடையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றி ஒரு சுற்று. என்னை ஓட்ட விட்டதே இல்லை. "உனக்குப் பிரேக் போடத் தெரியாது" என்பார். பக்கத்து இருக்கையில் இருந்தபடி ஒவ்வொரு வளைவிலும் நான் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருப்பேன். அந்த இடத்தில் விரிப்பு தேய்ந்தே போயிற்று. ஒரு நாள் பார்த்தால், அங்கே ஒரு ரப்பர் துண்டை வெட்டி ஒட்டி வைத்திருந்தார்.

நவம்பரில் சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். இங்கே அவசரத்துக்குத் தீயணைப்புப் படைதான் வரும், பதினோராவது நிமிஷம் வந்துவிட்டார்கள். சம்பளம் இல்லாத வேலை, எல்லாரும் அவரவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர்கள். படைத் தலைவன் கர்ட் என் அடுப்புக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு வெண்டலின் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தான். அவன் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியதை நான் மறக்கமாட்டேன். அவனால்தான் எனக்கு இன்னும் நாலு நாள் கிடைத்தது. அந்த நாலு நாளில் ஒரு நாள், "வண்டியப் படைக்குக் குடுத்துடு" என்றார் வெண்டல். ஏலம் விட்டு, ஏரியில் விழுகிறவர்களை மீட்க ஒரு நல்ல படகு வாங்கிக்கொள்வார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறெப்படி எடுத்துக்கொள்வது?

தப்பு எங்கே நடந்தது என்று அன்று மத்தியானம் முழுக்கச் சமையலறையில் உட்கார்ந்து யோசித்தேன். நான் கர்ட்டுக்குப் போன் செய்தது பிப்ரவரி முதல் வாரம். ஏரிமேல் நிறுத்த வண்டி தேடி அவர்கள் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் வாரம். அது எனக்கு நினைவே இல்லை. விலை போகும் வண்டி, ஏலம் விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் தன் பொருளைத் தானே உயர்த்திப் பேச யாருக்கும் நாக்கு வராது. "பழைய வண்டிதான், உங்களுக்கு உபயோகப்பட்டா சரி" என்றுதான் சொன்னேன்.

"நெசமாவா, வெர்னா?" என்றான் கர்ட். ஆமாம் என்றேன். கொஞ்சம் பொறுத்து, "நல்லா யோசிச்சீங்களா?" என்றான். யோசித்துவிட்டேன் என்றேன். மூன்றாவது தடவை, "வெண்டலுக்கு வருத்தமா இருக்காதா?" என்றான். "அவர் சொன்னதுதாம்ப்பா" என்றேன். இங்கே ஒரு வாய் காப்பிக்குக்கூட மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் இரண்டு பதில் மரியாதைக்கு, மூன்றாவதுதான் பதில். அதற்குமேல் கிளறுவது நாகரிகமில்லை. அதனால் கர்ட் கிளறவில்லை. தன் வண்டி ஏரிக்குள் போக வேண்டும் என்று வெண்டல் ஆசைப்பட்டுச் செத்ததாக ஊரே நம்பி, அதற்கு மூக்கையும் சிந்திக்கொண்டிருக்கிறது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கர்ட்மேல் கோபப்பட முயன்றேன், அடுப்பங்கரைத் தரை கண்ணில் பட்டது. வெண்டல்மேல் கோபப்பட்டேன், இன்னும் ஒரு வரி சொல்லியிருக்கலாமே மனுஷன். இன்னொன்றும் மனசுக்குள் ஓடியது. ஒருவேளை அவர் சொன்னது இதைத்தானோ? ஒருவேளை எனக்கே இது உள்ளுக்குள் தெரிந்திருந்ததோ? பதினாறு குளிர்காலமும் ஷெட்டில் அவருக்கும் அந்த வண்டிக்கும் விளக்கெரிய, நான் தனியாகச் சாப்பிட்டவள்.

மறுநாள் காலை கர்ட்டே வந்தான், கையில் ஒரு ரொட்டிப் பையோடு. மூன்றாவது தடவை கேட்டதும் காப்பிக்கு ஒத்துக்கொண்டான். மேப்பிள் மரத்தில் பாகு எப்போது இறங்கும், யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று பேசினோம். பிறகு பையை மேசைமேல் கவிழ்த்தான்.

"வண்டிக்குள்ள இருந்துச்சு. தண்ணிக்குள்ள போக வேணாமேன்னு எடுத்து வச்சேன்."

வெண்டலின் கையுறை. சக்கரக் காற்றுப் பார்க்கும் கருவி. பாதி தின்ற மிட்டாய்ச் சுருள். அப்புறம் அந்த ரப்பர் துண்டு.

"இது எதுக்குன்னு தெரியல. உங்க பக்கம் கீழ ஒட்டியிருந்துச்சு" என்றான்.

நான் அதை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் தொடையைத் தட்டி, "சரி, அப்போ" என்று எழுந்தான். எழுந்தால் போய்விடுவான் என்று அர்த்தமில்லை, வாசலில் இன்னும் கால் மணி நேரம் பேச்சு இருக்கும். ஒரு காலில் பூட்ஸைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "இன்ஜின் என் ஷெட்டுலதான் இருக்கு. பழைய இரும்புக்குப் போட மனசு வரல. போர்வை போத்தி வச்சிருக்கேன்" என்றான்.

அந்தப் போர்வைதான் என் வாயைத் திறந்தது.

"கர்ட், நீங்க அத ஏலம் விடுவீங்கன்னு நெனச்சேன்."

அவன் இன்னொரு பூட்ஸைக் கையில் பிடித்தபடி செருப்புப் பலகையில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"மூணு தடவ கேட்டேனே, வெர்னா."

"எதுக்குன்னு நீ கேக்கலயே."

"பிப்ரவரில வண்டி தரேன்னா வேற எதுக்கு? கழட்டறப்ப எங்க யாருக்கும் மனசே வரல. வெண்டல் ஆசன்னு சொன்னதால வாய மூடிக்கிட்டோம்." தொப்பியைக் கழற்றிக் கசக்கினான். "பனி இன்னும் பன்னெண்டு அங்குலம் இருக்கு. கரையிலேர்ந்து சங்கிலி மாட்டித்தான் இருக்கு. இன்னிக்கே இழுத்தா இழுத்துடலாம். நாளைக்கு மழைன்னு ரேடியோல சொல்றான். அப்புறம் யாராலயும் முடியாது."

"சீட்டு வாங்கினவங்க?"

"எல்லாருக்கும் திருப்பிக் குடுக்கணும். இந்த வருஷம் அவ்வளவுதான்."

"ஊரு உன்ன என்ன சொல்லும்?"

"செத்தவர் வண்டியத் தண்ணில முக்கப் பாத்தவன்னு சொல்லும். நான் சாகுறவரைக்கும் சொல்லும்" என்றான். சிரிக்க முயன்று பார்த்தான், வரவில்லை.

அவன் வண்டியிலேயே ஏரிக்குப் போனோம். கர்ட் போனில் சொல்லியிருந்ததால் தூண்டில் கடைக்காரர் சங்கிலி இழுக்கிற யந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், பொறுக்கச் சொல்லி கர்ட் கை காட்டினான். கடைச் சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, பத்து மணி நாற்பது. பனிக்கட்டியின்மேல் அரை அங்குலம் தண்ணீர் நின்றது. நடக்கும்போது எங்கோ கீழே நீளமாக ஒரு முனகல் கேட்டது. கர்ட் எனக்கு முன்னால் குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டே போனான்.

கிட்டே போனதும் யோசிக்காமல் ஓட்டுகிறவர் பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். எத்தனை வருஷம் ஆசைப்பட்ட இடம்! இருக்கை வெண்டலின் காலுக்குத் தகுந்தபடி பின்னால் தள்ளியிருந்தது. பக்கத்தில், என் இடத்தில், ரப்பர் துண்டு போய் தேய்ந்த விரிப்பு மட்டும் தெரிந்தது. உள்ளே இன்னும் அவர் வாசனை, மிட்டாயும் எண்ணெயும் கலந்த வாசனை. எனக்கு அழுகை வந்தது.

கர்ட் கண்ணாடி ஓரமாகக் குனிந்தான்.

"இழுத்துடட்டுமா, வெர்னா?"

"வேண்டாம்ப்பா. எதுக்கு உனக்குச் சிரமம்."

அவன் தலையை ஆட்டினான். அது பதில் இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கரையைத் திரும்பிப் பார்த்தான். மளிகைக் கடை வாசலில் மார்லிஸ் எழுந்து நிற்பது சின்னதாகத் தெரிந்தது. கையை நெற்றிமேல் வைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனசார கேக்கறேன். இழுத்துடவா?"

"ஊரே அழுது சீட்டு வாங்கியிருக்கு. விடு, வேண்டாம்."

இதில் எவ்வளவு மரியாதைக்கு, எவ்வளவு மனசிலிருந்து என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. அடுத்த தடவை வாயைத் திறந்தால் என்ன வரும் என்றும் தெரியவில்லை. வெண்டலைக் கேட்கலாம் என்றால் அவர் இல்லை. பனிக்கட்டி மறுபடி முனகியது, இந்தத் தடவை சக்கரத்துக்கு நேர் கீழே. முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஏரி முழுக்க மெல்லிய தண்ணீர், அதில் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம் வண்டிதான் ஓடுகிறது என்று தோன்றிவிட்டது.

கர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். மூச்சை இழுத்து, மூன்றாம் தடவை கேட்க வாயெடுத்தான். என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடிப் போயிற்று. இந்த முறை அங்கே நிஜமாகவே ஒரு பிரேக் இருந்தது. அழுத்தினேன். எண்ணெய் வடித்த பிரேக், எதையும் பிடிக்காமல் தரைவரை இறங்கியது.