பச்சைக்கு இருபது வினாடி

நாகர்கோவில் சிக்னலில் எனக்கு மூன்றாவது தடவையாகச் சிவப்பு விழுந்தது. வேனில் தோவாளையில் கட்டி வாங்கிய கல்யாண மாலைகள். இரணியலில் பத்தரைக்கு முகூர்த்தம். மணி இப்போதே ஒன்பதே முக்கால்.

இங்கே பச்சை இருபதே வினாடிதான். ஆனால் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று எல்லாரும் சிவப்பில் வண்டியை அணைத்துவிடுவான்கள். பச்சை விழுந்தபிறகுதான் முதல் ஆள் சாவியைத் திருகி, டாஷ்போர்டு சாமியைக் கும்பிட்டு, கியரைப் போடுவான். அவன் நகர்ந்தபிறகுதான் அடுத்தவன் சாவியையே தொடுவான். ஆறு வண்டி போவதற்குள் மறுபடி சிவப்பு.

இப்போது எனக்கு முன்னால் ஒரே ஒரு வெள்ளைக் கார். ஒவ்வொரு பச்சைக்கும் ஆடி அசைந்து நகர்ந்தவன் இவன்தான். எனக்குப் பொறுக்கவில்லை. வேனை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் அவன் கண்ணாடியைத் தட்டினேன்.

"பச்சை விழுந்தா வண்டிய எடுக்கணும்னு தெரியாதா மக்கா? ஒறங்குதியா?"

அவன் முன்னால் விரலைக் காட்டிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பச்சை விழுந்திருந்தது.

ஓடி வந்து ஏறிச் சாவியைத் திருகினேன். இன்ஜின் இருமிவிட்டு நின்றது. பின்னால் எல்லா ஹாரன்களும் ஒன்றாக அலறின. ஸ்கூட்டரில் என்னைத் தாண்டிய ஒரு பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"அண்ணே, ஒறங்குதியளா?"

இன்ஜின் பிடித்தபோது சிவப்பு விழுந்தது. வரிசையில் இப்போது முதல் ஆள் நான்.