காதால் எழுதிய பரீட்சை

என் மகள் மதிவதனிக்கு நான் ஒரு வாரம் டியூஷன் எடுத்தேன். எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுவேன். சத்தம் கேட்டதும் அவள் பால்பாயிண்ட் பேனாவின் தலையை அழுத்த வேண்டும். கண்ணை மூடிக்கொண்டே எழுபத்தாறுக்கு எழுபத்தாறு வாங்கினாள். கண் பரீட்சைக்குப் பெண்ணின் காதைத் தயார் செய்த அப்பன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எனக்கு விழித்திரை செல்கள் ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வரும் பரம்பரை வியாதி. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் மேஜைமேல் கிடக்கும் ஃபைல் தெரியும். பக்கத்தில் வந்து நிற்கும் தாசில்தார் தெரிய மாட்டார். திமிர் பிடித்த கிளார்க் என்ற பேர் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. பத்து வருஷத்துக்கு முன்பு, எண்பத்தெட்டில், மருந்தே கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது சாயங்காலமானால் மதியும் வாசற்படியைக் காலால் தேட ஆரம்பித்திருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் என் அக்கா ஜோதியம்மாள் தன் பையன் குமரேசனுக்கு அவளைக் கேட்டு, கீழ்பென்னாத்தூரிலிருந்து நிபந்தனையும் அனுப்பினாள். "பொண்ணுக்குக் கண்ணு நல்லாருக்குதுனு டாக்டர் சீட்டு வாங்கி வை. ஞாயித்துக்கிழமை வந்து வெத்தலை பாக்கு மாத்திக்கலாம்."

எப்படியும் மருந்தில்லை, கல்யாணமாவது நடக்கட்டும் என்று கணக்குப் போட்டேன்.

ஆஸ்பத்திரி மெஷினின் குணம் எனக்குத் தெரியும். வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தால், ஓரங்களில் ஒவ்வொன்றாக எழுபத்தாறு ஒளிப்புள்ளி வரும். தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். பழைய மெஷின் ஆதலால் ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். மதி ஒன்றைக்கூட விடவில்லை.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். "நார்மலா இருக்கு. நீங்க சொந்தத்துல கட்டினீங்களா?"

"தாய்மாமன் மகதாங்க. வெளியில கட்டினாத்தான் எங்க வீட்ல ஏன்னு கேப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. "விழித்திரையில லேசா சந்தேகம் இருந்துச்சு. இதுல குறை தெரிஞ்சிருந்தா வைட்டமின் ஏ ஆரம்பிச்சிருப்பேன். செத்த செல்லை எழுப்ப முடியாது. உயிரோட இருக்கிறதைக் கொஞ்ச வருஷம் கூடக் காப்பாத்தலாம்னு இப்ப சொல்றாங்க. ஆனா டோஸ் ஜாஸ்தி, ஈரலைக் கெடுக்கும். நல்லாருக்கிற பொண்ணுக்குத் தர மாட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க."

தாள் என் கையில் இருந்தது. வாசல் வரை போய் நின்றுவிட்டேன்.

"வாப்பா," என்றாள் மதி மெதுவாக. "பஸ் போயிடும்."

"ரெண்டு வருஷம்மா."

"அத்தை வருதுப்பா ஞாயித்துக்கிழமை."

திரும்பினேன். "டாக்டர், இவ பாத்து அமுக்கல. சத்தத்தைக் கேட்டு அமுக்கினா. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "என்ன வேலை பாக்குறீங்க?"

"கலெக்டர் ஆபீஸ்லங்க."

"அதானே."

அவளுடைய இரண்டு காதிலும் பஞ்சை அடைத்தார். மேலே துணியும் கட்டினார். விளக்கை அணைத்துவிட்டு மெஷினை இயக்க அவரே உட்கார்ந்தார். கதவோரம் ஸ்டூலில் நான். என் காதில் பஞ்சு இல்லை.

டொக். பட்டன் அழுத்தும் சத்தம். டொக். பட்டன். டொக்.

காத்திருந்தேன். பட்டன் சத்தம் வரவில்லை.

டொக். இல்லை. டொக். இல்லை. 'அமுக்கு கண்ணு' என்று தொண்டை வரை வந்ததை விழுங்கினேன். முழங்காலைப் பிடித்திருந்த என் கட்டைவிரல் ஒவ்வொரு சத்தத்துக்கும் தானாக அழுந்திக்கொண்டிருந்தது. அவள் விட்டது பத்தொன்பது.

விளக்கு வந்தது. மதி பஞ்சை எடுத்தாள். "எத்தனைப்பா போச்சு?"

டாக்டரம்மாதான் பதில் சொன்னார். "பத்தொன்பது. அம்பத்தேழு இருக்கும்மா. அதைத்தான் காப்பாத்தப் போறோம்." மாத்திரை எழுதினார். மறு பரிசோதனைக்குச் சென்னைக்குக் கடிதம் கொடுத்தார். சொந்தத்தில் கட்டுவதாக இருந்தால் அந்தப் பையனையும் பார்க்க வேண்டும் என்றார்.

எதிரிலிருந்த எஸ்டிடி பூத்தில் அக்காவைக் கூப்பிட்டேன்.

"சீட்டு கெடச்சுதாடா?"

"கெடச்சுதுக்கா..." அதற்குமேல் ஒரு நல்ல பொய் தயாராகிக்கொண்டிருந்தது. மதி ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"அத்தை, மதி பேசறேன். எனக்கும் அப்பா கண்ணுதான். மாத்திரை சாப்பிடப் போறேன். குமரேசன் மாமாவும் ஒருதடவை கண்ணைக் காட்டணுமாம்."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அவள் ரிசீவரை வைக்கவில்லை. நானும் வைக்கச் சொல்லவில்லை.