வயிற்றில் நின்ற வண்டிகள்

“அம்மா, பொழுது எறங்குனா லாரியெல்லாம் எதுக்கு என் வயித்துக்குள்ளாற வந்து நிக்குது?” என்று ஆறு வயதில் கனிஷ்கா கேட்டாள். அவள் தாய் வசந்தாமணி சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். நிஜமாகவே நின்றுகொண்டிருந்தன. தொப்புளைச் சுற்றித் தோலுக்கு அடியில் கடுகளவு மஞ்சள் விளக்குகள், இரண்டிரண்டாக, சுங்கச்சாவடியில் வரிசை கட்டியது போல. காதை வைத்தால் இன்ஜின் உறுமுவதும் கேட்டது. புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்தத் தெருவுக்கு லாரி புதிதல்ல என்பதால் யாரும் பயப்படவில்லை. கோழித்தீவனம் விலை ஏறியதைப் பேசிக்கொண்டே வந்து பார்த்தார்கள். எல்லாம் சரக்கு ஏற்றிய வண்டிதான், டயர் அமுங்கியிருப்பதைப் பார்த்தாலே தெரிகிறதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வசந்தாமணியின் கணவன் தனபால் லாரி டிரைவர். முந்தின வருடம் சங்ககிரிக்குப் பக்கத்தில் வண்டி கவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலோடு படுத்துவிட்டான். அவன் எழுந்து மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கும் வரை என் அடுப்பில் எண்ணெய் ஏறாது, முட்டை உடையாது, கறி வேகாது என்று அவள் கபிலர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டாள். வேலையோ கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குவது. நாளெல்லாம் அட்டை அட்டையாக அடுக்குவாள். வீட்டுக்கு ஒன்றுகூட வராது. அரைகுறையாக வேண்டுகிறவள் அல்ல அவள். பள்ளிக்கூடத்துச் சத்துணவையும் நிறுத்தி, மகளுக்குத் தூக்குப்போசியில் தானே சோறு கொடுத்தனுப்பினாள். ஆனால் பிள்ளையை வாட விடவில்லை. பண்ணையில் மஞ்சள் கரு வெளுத்துப் போனால் தீவனத்தில் நிறம் கலப்பார்கள். சில நாளில் கரு பளிச்சென்று ஆகிவிடும். அதைப் பார்த்துப் பழகியவள், மஞ்சள் உள்ளே போனால் போதும் என்று நம்பி, பரங்கிக்காயும் கேரட்டும் முருங்கைக்கீரையும் உப்புப் போட்டு வேகவைத்து வாய்க்கு வாய் ஊட்டினாள். போனதெல்லாம் வயிற்றிலேயே நின்றது.

பொழுது சாய்ந்தால் கனிஷ்கா சுவரைத் தடவித் தடவி நடந்தாள். கையும் காலும் தவளைத் தோல் போலச் சொரசொரத்தன. இருமலும் விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் வாசல் என்று நினைத்து நெடுஞ்சாலைக்கே போய்விட்டாள். பிரேக் போட்ட லாரி கிறீச்சிட்டு நிற்பதற்குள், எதிர்ப்புறம் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்த ரஹமத் பீவி ஊசியும் நூலுமாக ஓடிவந்து பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

மறுநாள் சுகாதார நிலையத்தில் டாக்டர் கௌதமன் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். உள்ளே யாரோ ஹாரன் அடித்தார்கள். அவர் ஆச்சரியப்படவில்லை.

“சரக்கு நெறைய ஏத்தியிருக்கீங்கம்மா. ஆனா கண்ணுக்கு வேண்டிய இந்தச் சத்து எண்ணெயிலதான் கரையும், கொழுப்பு இல்லாம குடலைத் தாண்டாது. தாண்டுனாத்தான் ஈரல்ல போய் எறங்கும், அதான் இதுக்குக் குடோன். அங்கிருந்து கண்ணுக்குத் தூக்கிட்டுப் போறதுக்குப் புரதம் வேணும். முட்டை, பருப்பு இதெல்லாம். உங்க பொண்ணுக்கு ரோடும் இல்ல, டிரைவரும் இல்ல. இப்படியே விட்டா கண்ணு போயிரும்.”

மருந்துப் புட்டியைக் கையில் வாங்கியவள் தயங்கி நின்றாள். “இது எதுலங்க கரைச்சது?”

“எண்ணெயிலதான்.”

வீட்டுக்கு வந்து புட்டியைத் திறக்காமலே முருகன் படத்தடியில் வைத்தாள். ஒரு பக்கம் புருஷன் கால், ஒரு பக்கம் மகள் கண். எதைக் கேட்பது என்று தெரியாமல் கும்பிட்டபடியே உட்கார்ந்திருந்தாள். கட்டிலிலிருந்து தனபால், “எனக்குக் காலே வேண்டாம், புள்ளைக்கு ஊத்து” என்றான். அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ரஹமத் பீவி வாசலில் வந்து நின்றாள்.

“ஏண்டி வசந்தா, சாமிகிட்ட என்னன்னு வேண்டுனே? அப்படியே சொல்லு பாப்போம்.”

“என் அடுப்புல எண்ணெய் ஏறாதுன்னு வேண்டுனனுங்க்கா.”

“உன் அடுப்புலதானே? ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறது யாரு அடுப்பு?”

வசந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள். “சாமி கோவிச்சுக்காதுங்களா?”

“பசிச்ச புள்ளைக்குச் சோறு போட்டா கோவிச்சுக்கற சாமி எந்த மலையிலயும் இல்ல. கெளம்பு.”

அதற்குமேல் வசந்தாமணி யோசிக்கவில்லை. புட்டியை எடுத்தாள், மகள் கையைப் பிடித்தாள், தானே ரோட்டைக் கடந்து கொண்டுபோய் அந்த வீட்டுக்குள் விட்டாள். தான் மட்டும் படிக்கு வெளியே நின்றாள். ரஹமத் பீவி மருந்தைப் புகட்டி, பருப்புச் சோற்றில் ஒரு கரண்டி கடலை எண்ணெய் விட்டுப் பிசைந்து, பொரித்த முட்டையோடு ஊட்டினாள். சோறு இறங்கிய சற்று நேரத்தில் கனிஷ்காவின் வயிற்றில் முதல் வண்டி நகர்ந்தது. பின்னாலேயே மற்றவை. குடல் சுவரைத் தாண்டி, பால் போல வெளுத்த ஓர் ஓடையில் விளக்கெல்லாம் மிதந்து போய், வலது விலாவுக்கு அடியில் சரக்கை இறக்கின. அந்த இடம் மார்கழியில் கோயில் மாடம் போல மினுங்கியது. தினமும் சாயங்காலம் முட்டையும் பருப்பும் போகப் போக, அங்கிருந்து ஆளுக்கு ஒரு மூட்டையாகத் தூக்கிக்கொண்டு டிரைவர்கள் கிளம்பினார்கள். சிலர் தொண்டைக்குப் போனார்கள், விடாத இருமல் விட்டது. சிலர் தோலுக்குப் போனார்கள். மிச்சப்பேர் கண்ணுக்கு ஏறிய அன்று, இருட்டும் நேரத்தில் கனிஷ்கா வாசலில் நின்று, “அம்மா, போற லாரி நம்பரு தெரியுது!” என்று கத்தினாள். ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி அந்தத் தெருவைத் தூங்கவிடாமல் செய்தாள்.

தனபால் எழுந்தது அதற்கு இரண்டு தைப்பூசம் கழித்து. முதலில் கோலோடு, பிறகு கோல் இல்லாமல், பிறகு ஸ்டியரிங்கோடு. சாமி எதையும் குறித்து வைத்திருக்கவில்லை. வசந்தாமணி கபிலர்மலைப் படி ஏறிப் போய்க் கும்பிட்டு வந்து, அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தாள். மகளுக்கு வேகவைத்த பரங்கிக்காயைத்தான் அவளும் தின்றிருந்தாள்; அவள் வயிற்றில் காத்திருந்த வண்டிகளும் அன்று கிளம்பின. அவை விரல் நுனி வரைக்கும் போயின.

கனிஷ்கா இப்போது திருச்செங்கோட்டில் கல்லூரிக்குப் போகிறாள். ரஹமத் பீவிக்கு வயதாகிவிட்டது. தையல் கை இன்னும் தளரவில்லை, ஊசிக் காதுதான் தெரிவதில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நூல் நுனியை வாயில் நனைத்து நனைத்து அவள் தடுமாறியதை ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு நாள் வசந்தாமணி பார்த்தாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து, பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்கு ரஹமத் பீவி உள்ளறைக்குப் போனதும், வசந்தாமணி ரோட்டைக் கடந்து, வீட்டு முன்பக்கம் இருக்கும் தார்ப்பாய்க் கடைக்குள் வருவாள். சுவிட்சைத் தொடுவதில்லை. விரல் நுனியின் மஞ்சள் வெளிச்சமே போதும். மறுநாளைக்கு வேண்டிய கோணி ஊசிகளுக்கெல்லாம் நூல் கோத்து, தார்ப்பாய் விளிம்பில் வரிசையாகக் குத்திவைத்துவிட்டு, தொழுகை முடியுமுன் போய்விடுவாள்.

காலையில் ரஹமத் பீவி முதல் ஊசியை உருவி எடுப்பாள். யார் கோத்தது என்று கேட்பதில்லை. பிஸ்மில்லா சொல்லித் தைக்கத் தொடங்குவாள்.