வழியில் வந்த கோடித்துணி

பாபநாசத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். அங்கே இராஜாங்கத்தின் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகை. ஞாயிறுதோறும் மனிதநேய மன்றம் கூடுவது அங்கேதான். குடியானத் தெருக்காரனும் சேரிக்காரனும் ஒரே பாயில் உட்காருகிற இடம் அந்த ஊரில் வேறு கிடையாது. டீக்கடையில் தனிக் குவளை கூடாது, பேயோட்டுகிறேன் என்று பெண்களை அடிக்கக் கூடாது, ஐயர் இல்லாமலே கல்யாணம் நடத்தலாம். இப்படி வாராவாரம் ஒரு தீர்மானம். எல்லோரும் கை தூக்குவார்கள். செயலாளர் இராஜாங்கம் அதைச் சுண்ணாம்பால் கடைச் சுவரில் எழுதிவிடுவான்.

அன்றைக்குத் தூக்குத் தண்டனையைப் பற்றிப் பேச்சு. "கொலைகாரன் உசிரா இருந்தாலும் எடுக்க எவனுக்கும் உரிமை கிடையாது!" என்று மீசை துடிக்க முழங்கினான் இராஜாங்கம். அவனுடைய உயிர்த்தோழன், மிராசுதாரின் பண்ணையாள் ஐயாவு முதல் ஆளாகக் கை தூக்கினான். ஐயாவுவின் மனைவி காத்தாயி நடவு, அறுப்பு என்று உழைத்துக் களைத்தவள், தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். புருஷன் விலாவில் இடித்ததும் அவளும் தூக்கினாள். கை தூக்குவதில் என்ன கஷ்டம்? நம் வீட்டில் ரத்தம் சிந்தாதவரை எந்தக் கொள்கையும் இனிப்பாகத்தான் இருக்கும்.

அடுத்து வந்தது இரண்டாம் போகமான தாளடி அறுப்பு. அரசாங்கம் கூலிச் சட்டம் போட்ட பிறகும் மிராசுதார் பழைய அளவுதான் அளந்தார். நியாயம் கேட்டவர்களை ஒதுக்கிவிட்டு, லாரியில் வெளியாட்களைக் கொண்டுவந்து வயலில் இறக்கினார். காவலுக்குத் திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து தங்கமணி என்றொரு அடியாள் வந்திருந்தான்.

ஐயாவு வரப்பில் குறுக்கே நின்றான். "அடிச்சுக்க வரல. சட்டப்படி கூலி குடுத்துட்டு அறுக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னான். தங்கமணி கையிலிருந்த இரும்புக் குழாய் அவன் மண்டையில் இறங்கியது. விழுந்தவனை விடவில்லை பாவி, மறுபடியும் அடித்தான். முற்றிய கதிர்களெல்லாம் சிவப்பாயின. காத்தாயி ஓடிவந்து புருஷன் மேல் விழுந்தபோது அவளுக்கும் தோளில் ஓர் அடி விழுந்தது. ஊரே கல்லை எடுக்க, தங்கமணி லாரியில் ஏறித் தப்பிவிட்டான்.

மாட்டுவண்டியில் ஐயாவுவைப் போட்டுக்கொண்டு பாபநாசம் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்கள். பாதி வழியில், டவுன் பக்கமிருந்து சைக்கிளில் வந்தார் இளையபெருமாள், மிராசுதாரின் காரியஸ்தர். வண்டியில் கிடந்த உடலைப் பார்த்தார். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, கேரியரிலிருந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"ஐயா வாங்கியாரச் சொன்னாங்க. புடி."

காத்தாயி பிரித்தாள். புதுத் துணி. மடிப்புக்குள்ளிருந்து கொஞ்சம் பச்சரிசி வண்டியில் சிதறியது. அவளுக்கு எதுவும் புரியவில்லை. புரிகிற நிலையிலா இருந்தாள்? அந்தத் துணியைச் சுருட்டிப் புருஷனின் மண்டையில் வைத்து அழுத்தினாள். அரிசியெல்லாம் ரத்தத்தில் ஒட்டிக்கொண்டது. ஐயாவு அப்போது முனகிக்கொண்டுதான் இருந்தான். ஆஸ்பத்திரி வாசலில்தான் அவன் மூச்சு நின்றது.

தங்கமணியைப் போலீஸ் தேடியது, தேடிக்கொண்டே இருந்தது. காரியம் முடிந்த சில நாளில் ஒரு மத்தியானம் இளையபெருமாள் சேரிக்கே வந்தார். மிராசுதார் வீட்டு மனுஷன் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளாத குறையாகப் பவ்யமாக நின்றதைப் பார்த்து ஊர் வாயைப் பிளந்தது.

"தங்கமணி எங்க பம்புசெட்டுக் கொட்டாயிலதான் பதுங்கியிருக்கான். செய்யறதச் செஞ்சுக்குங்க. ஐயா ஒண்ணும் கண்டுக்க மாட்டாங்க" என்றார்.

கேட்க வேண்டுமா! அரிவாளும் கம்புமாக அத்தனை பேரும் பாய்ந்தார்கள். முன்னால் ஓடியவன் யார் என்று நினைக்கிறீர்கள்? மீசை துடிக்கப் பேசினானே, அதே இராஜாங்கம்தான். கையில் வீச்சரிவாள். தங்கமணியைத் தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். மிதித்தார்கள். கம்பால் அடித்த அடியில் அவன் முழங்கை முறிந்து தொங்கியது. பல்லும் ரத்தமுமாகத் துப்பினான். பூவரச மரத்தில் கட்டினார்கள். இராஜாங்கம் வீச்சரிவாளைக் காத்தாயியின் கையில் திணித்தான்.

"மொத வெட்டு ஒன்னுது தங்கச்சி. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

காத்தாயி ஓங்கினாள். அவள் கண்ணில் புருஷனின் உடைந்த மண்டைதான் நின்றது. வெட்டியும் விட்டாள். தங்கமணி தலையைத் திருப்பியதால் அது தோளில் இறங்கியது. ரத்தம் குபுக்கென்று கொப்பளித்தது.

"ஆத்தா! எனக்கும் அவனுக்கும் என்ன பகை? என்னை அடிக்கச் சொன்னதே—"

"பேச விடாத! வெட்டு, வெட்டுங்கறேன்!" தள்ளி நின்ற இளையபெருமாள் கத்தினார்.

மறுபடி ஓங்கிய அரிவாளோடு காத்தாயி திரும்பிப் பார்த்தாள். இந்த ஆளுக்கு என்ன இவ்வளவு அவசரம்? அன்றைக்கும் அவசரமாகத்தானே வந்தார்? புதுத் துணி, பச்சரிசி... பண்ணையாள் செத்தால் பண்ணை வீட்டிலிருந்து கோடித்துணியும் வாய்க்கரிசியும் வரும். அதுதான் அந்த ஊர் வழக்கம். ஆனால் செத்த பிறகல்லவா வரும்!

"காரியஸ்தரே, அன்னிக்குக் குடுத்தீங்களே கோடி, எங்க வாங்குனீங்க?"

"இதென்ன கேள்வி? பாபநாசத்துலதான்."

"அடி வுழுந்த சேதி டவுனுக்கு எங்க வண்டியிலதான் போச்சு. நீங்க எதிர்த்தாப்புல வந்தீங்க. அவரு அடிபடறதுக்கு முன்னாடியே கோடி வாங்கக் கெளம்பிட்டீங்களா?"

இளையபெருமாள் பின்னால் நகர்ந்தார். அடி விழுந்த அன்று காலையிலேயே மிராசுதார் அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். வண்டியில் கிடந்தது பிணம் என்று நினைத்து, எஜமானிடம் நல்ல பெயர் வாங்க அங்கேயே கொடுத்துத் தொலைத்திருந்தார் அந்த மனுஷன். நழுவப் பார்த்தவரின் கழுத்துத் துண்டை இராஜாங்கம் எட்டிப் பிடித்தான்.

"ஆமா ஆத்தா, மிராசுதாருதான் சொன்னாரு. இவருதான் கூட்டியாந்தாரு" என்று அழுதான் தங்கமணி.

"ரெண்டு பேரையும் வெட்டிப் போடுங்கடா!" என்று கூட்டம் கொதித்தது.

காத்தாயி அரிவாளை வாய்க்காலில் வீசி எறிந்தாள். முந்தானையைக் கிழித்துத் தங்கமணியின் தோளை இறுக்கிக் கட்டினாள். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஒன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. சாவுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். நீ கோர்ட்டுல நின்னு, இவரையும் வச்சுக்கிட்டு, சொன்னவன் பேரச் சொல்லணும்."

"கோர்ட்டுக்குப் போயி இவன் பேச்ச மாத்திட்டான்னா? அப்பவாவது வெட்டலாமா தங்கச்சி?" இராஜாங்கத்துக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

வெட்டலாம் என்றுதான் காத்தாயியின் மனசு சொல்லிற்று. ரத்தம் தோய்ந்த தன் கையையே பார்த்தாள். புருஷன் விலாவில் இடித்துத் தூக்க வைத்த கை அது.

"அப்பவும் கூடாதுண்ணே. நீதானே செவுத்துல எழுதுன? நான் தூங்கிக்கிட்டே கை தூக்குனேன், இன்னிக்குத்தான் முழிச்சுக்கிட்டுத் தூக்கறேன். நமக்கு வேண்டியவன் உசிரக் காப்பாத்த மன்றம் எதுக்கு? பெத்தவளே செய்வா. ஆகாதவன் உசிரும் உசிருதான்னு நிக்கறதுக்குப் பேருதான் மனுசத்தனம். வெட்டுக்கு வெட்டுன்னு நாம எறங்குனா, சாவுறதும் நாம, செயிலுக்குப் போறதும் நாம. வெட்டச் சொன்னவன் மட்டும் அடுத்தவனுக்குக் கோடி வாங்க ஆள் அனுப்பிக்கிட்டிருப்பான்!"

இராஜாங்கம் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு இளையபெருமாளைப் பக்கத்திலிருந்தவர்களிடம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மெல்லப் போய், தங்கமணியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான். ஐயாவுவை ஏற்றிப் போன அதே வண்டியில் அவனைத் தூக்கிக் கிடத்தினான்.

"மாட்ட வெரசா ஓட்டு" என்றான் வண்டிக்காரனிடம். "இந்த உசிராவது ஆஸ்பத்திரி போய்ச் சேரட்டும்."