மின்னணுச் சாதனங்களின் நான்கு வகைகளும் ஹாமுரோ வீட்டு டி.வி.யும்

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவே இல்லை. சென்னையில் ஒரு பதிப்பாளர், “வீட்டில் புழங்கும் மின்னணுச் சாதனங்களின் வகைகள், எளிய அறிமுகம், ஆயிரம் சொல்” என்று கேட்டிருந்தார். பதினாறு வருடமாக ஜப்பானில், ஒசாகாவின் கிழக்குப் பக்கம், ஒரு மின்சாதனக் கடையின் மாடியில் குடியிருப்பவனுக்கு இது ஒரு வேலையா என்று ஒப்புக்கொண்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

முதல் தொடக்கம் இது:

“மின்னணுச் சாதனங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். கேட்கவும் பார்க்கவும் உதவுபவை: வானொலி, தொலைக்காட்சி. பேச உதவுபவை: தொலைபேசி, கைப்பேசி. கணக்குப் போடுபவை: கால்குலேட்டர், கணினி. நினைவில் வைத்துக்கொள்பவை: கேமரா, ஹார்ட் டிஸ்க். இந்த நான்காம் வகையின் சிறப்பு, நமக்கு வேண்டியவர்களின் முகத்தை என்றென்றைக்கும் —”

“என்றென்றைக்கும்” என்ற சொல்லில் பேனா நின்றுவிட்டது. அது பொய் என்று நிரூபித்த ஒருத்தி கீழே கடையைத் திறந்துகொண்டிருந்தாள்.

2

அவள் பெயர் நட்சுயே. வயது நாற்பத்து நான்கு. எங்கள் தெருவின் மின்சாதனக் கடைக்காரி. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கடையில் எல்லாமே விலை குறைவு. ஆனால் அந்தக் கடை ரிமோட்டுக்கு பேட்டரி போட்டுத்தர வீட்டுக்கு வராது, நட்சுயே வருவாள். மாதத்துக்கு மூன்று டி.வி. விற்பாள், முப்பது வீட்டில் பல்பு மாற்றுவாள், வாய் ஓயாமல் வம்பு பேசுவாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இங்கே சோறு வெந்தால் குக்கர் பாடும், வெந்நீர் தயாரானால் குளியலறை பெண் குரலில் சொல்லும். “எங்க வீட்டுக் குளியலறை ரெண்டு நாளா எங்கூடப் பேசறதில்ல” என்று ஒருவர் போன் செய்தார். “நீங்க என்ன சொல்லித் தொலைச்சீங்க அதுகிட்ட?” என்று கேட்டுக்கொண்டே இவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். கட்டுரைக்குத் தேவையில்லாத செய்திதான். நீக்க மனம் வரவில்லை.)

3

ஒரு செவ்வாய்க்கிழமை ஹாமுரோ அம்மாவின் டி.வி. திரை இருண்டது. ஹாமுரோ அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைப்பவர், வயது அறுபத்தொன்று, தனியாக இருக்கிறார். ஒன்பது வருடத்து டி.வி., இனி தேறாது என்று அன்று மத்தியானமே நட்சுயே புதியதைக் கொண்டுபோய் மாட்டினாள்.

“ரெக்கார்ட் பண்ணது ஏதாச்சும் இருக்கா, ஹாமுரோ-சான்?”

“அதெல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டியில பத்திரமா இருக்கு. நீ டி.வி.யைத் தூக்கிட்டுப் போ, கடைக்காரம்மா. இடத்தை அடைக்குது.”

இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஏதோ சீரியல் என்று நினைத்துவிட்டாள். புதியது உள்ளே போன கையோடு பழையதைச் சுத்தமாக அப்புறப்படுத்துவதுதான் அவளுடைய கடைக்குப் பெருமை. இங்கே பழைய டி.வி.யைத் தெருவில் போட முடியாது. அதற்கென்று சீட்டு வாங்கி ஒட்டி, சேகரிப்புக் கிடங்கில் ஒப்படைத்து, முத்திரை வாங்க வேண்டும். போகிற வழியிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு, வேலை தீர்ந்த நிம்மதியில் ஒரு கிண்ணம் உடோன் நூடுல்ஸ் சாப்பிட்டாள்.

புதன் காலை போன் வந்தது. போய்ப் பார்த்தால், ஹாமுரோ அம்மா அந்தக் கறுப்புப் பெட்டியை, அதாவது பதிவு செய்யும் ஹார்ட் டிஸ்க்கை, புது டி.வி.யில் செருகியிருந்தார். திரையில் ஒரு வாசகம்: ‘இந்த டிஸ்க்கைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். உள்ளே இருப்பவை அழிந்துவிடும். ஆம் / இல்லை.’

“ஆம்னு அமுக்கிரவா?”

“கையை எடுங்க! ரிமோட்டைக் கீழ வைங்க!”

“ஏண்டி இப்படிக் கத்தற? மாரடைப்பு வந்துரும்போல இருக்கு.”

“இந்தப் பெட்டி, ரெக்கார்ட் பண்ண டி.வி.க்கு மட்டுந்தான் திறக்கும். வேற எதுல போட்டாலும் அழிக்கவான்னுதான் கேக்கும்.” நட்சுயே ரிமோட்டை எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்தாள். “உள்ள என்ன இருக்கு, ஹாமுரோ-சான்?”

“எங்க வீட்டுக்காரர்.”

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு டி.வி. நிகழ்ச்சிக்காரர்கள் கடைத்தெருவில் போகிறவர் வருகிறவரை நிறுத்திப் பேசவிட்டார்கள். திருகாணிப் பட்டறை வைத்திருந்த ஹாமுரோ தெட்சுசோ அதில் நான்கு நிமிடம் வந்தார். மறு வருடம் இறந்துபோனார். கேமரா என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனுஷன், வேறு எதிலும் அவர் அசைந்து பேசிப் பதிவானதில்லை. இறந்த தேதி பதினேழு. மாதம் தவறாமல் பதினேழாம் தேதி சோறு படைத்து, எதிரே உட்கார்ந்து, அந்த நான்கு நிமிடத்தைப் போட்டுப் பார்ப்பார் ஹாமுரோ அம்மா. நாளை பதினேழு.

நட்சுயே தரையில் மண்டியிட்டுத் தலை குனிந்தாள். “தப்பு என்னோடது. கொண்டுவந்துடறேன்.”

4

கிடங்குக் காட்சியை முதலில் இப்படி எழுதினேன்: “கிடங்குக்காரன் ஒனிசூகா அவளை ஏற இறங்கப் பார்த்துக் குரூரமாகச் சிரித்—”

எழுதியதை நட்சுயேவிடம் அவள் மொழியில் சொல்லிக்காட்டியதுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள். “அந்த ஆளு எங்கய்யா சிரிச்சாரு? கடைவாய்ப் பல்லு வலி, கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. பாவம், அவரை வில்லனாக்காத.”

வில்லன் இல்லாமல் கதை எப்படி நகரும் என்று எனக்குக் கவலை. நகர்ந்தது.

ஒசாகாப் பெண்களின் கைப்பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும். யாரிடமாவது காரியம் ஆகவேண்டுமென்றால் முதலில் மிட்டாய்தான். பழக்கதோஷத்தில் அவள் நீட்டினாள், ஒனிசூகா அலறிப் பின்வாங்கினார்.

“வாய்ல சொத்தை! என்னைக் கொல்லவா வந்த?”

“ஐயோ மன்னிச்சிருங்க. நேத்து குடுத்த டி.வி. எனக்குத் திரும்ப வேணும்.”

“முத்திரை குத்தியாச்சு. இனிமே அது டி.வி. இல்லம்மா. கண்ணாடியும் இரும்பும்.”

“நேத்துவரைக்கும் டி.வி.தானே?”

“நேத்துவரைக்கும் எனக்குப் பல்லுந்தான் வலிக்கல.”

நட்சுயே நான்கு நிமிடத்தைப் பற்றிச் சொன்னாள். அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதாள். ஒனிசூகா கன்னத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“எத்தனை இஞ்ச்?”

“நாப்பது.”

“மத்தியானம் லாரி வரும். லாரிக்காரனுக்குச் சீட்டு ஒட்டின நாப்பது இஞ்ச் ஒண்ணு இருக்கணும், அவ்வளவுதான். நான் பல் டாக்டர்கிட்ட போறேன். நான் இல்லாதப்போ எந்த நாப்பது இஞ்ச்ல எந்தச் சீட்டு ஒட்டியிருந்துச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்?”

அடுத்த அரை மணி நேரத்தில் நட்சுயே தன் வீட்டுக்கும் கிடங்குக்கும் வேனைப் பறக்கவிட்டாள். அந்தச் சீட்டோடு லாரி ஏறியது அவள் வீட்டு டி.வி. இரண்டே வருடத்துப் பழசு. மாலை பேஸ்பால் பார்க்கலாம் என்று வந்த அவள் கணவர், வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றார் என்பது தனிக்கதை.

5

முடிவுகள். மூன்று எழுதினேன்.

(அ) அவள் போவதற்குள் லாரி புறப்பட்டுவிடுகிறது. எழுதிப் படித்துப் பார்த்தேன், ஹாமுரோ அம்மாவின் முகத்தில் விழிக்க முடியாது என்று தோன்றியது. கிழித்துவிட்டேன்.

(ஆ) பழைய டி.வி.யைச் சரிசெய்து பளிச்சென்று படம் வருகிறது. அழகான பொய். கெட்டது திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு. ஒன்பது வருடத்துச் சாமானுக்கு அந்த விளக்கு ஒரே நாளில் எங்கே கிடைக்கும்?

(இ) நடந்தது. இதற்கு நானே சாட்சி, ஏனென்றால் டி.வி.யின் மறுமுனையைப் பிடித்து வந்தவன் நான்.

பதினேழாம் தேதி, சாயங்காலம். படையலில் சோறும் கத்தரிக்காய் ஊறுகாயும். பழைய டி.வி.யை எதிரே வைத்துப் பெட்டியைச் செருகினோம். திரை கருங்கல் மாதிரி இருந்தது. நட்சுயே ஒரு டார்ச்சை எடுத்துக் கண்ணாடியை ஒட்டிப் பிடித்தாள். வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும், மங்கலாக, எழுத்து தெரிந்தது.

“விளக்குதான் செத்துருக்கு. படம் உள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்கு” என்றாள். பதிவுகளின் பட்டியலை டார்ச்சால் தடவித் தடவித் தேடி ஓடவிட்டாள். இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“வீட்டம்மா சமையலா? ரொம்ப நல்லாருக்கும். இப்படிச் சொல்லலைன்னா நான் இன்னிக்கு எங்க போய்ச் சாப்பிடறது?”

ஹாமுரோ அம்மா கண்ணை மூடிக்கொண்டார். “போதும். குரல் போதும்.”

போதவில்லை. அரை நிமிடத்தில் கண்ணைத் திறந்து, “அதை இப்படிக் குடு” என்று டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டார். உள்ளங்கை அகல வட்டத்தில் முதலில் வந்தது ஒரு காது.

“அவரேதான். எது சொன்னாலும் ஏறாத காது.”

வட்டம் மெல்ல இறங்கியது. தாடை, சட்டைக் காலர், எண்ணெய்க் கறை படிந்த பித்தான், முழங்கை. ஒவ்வொரு மாதமும் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர், முகத்தைத் தாண்டி அன்றைக்குத்தான் போனார். திரையின் ஓரத்தில், தொடைக்குப் பின்னால் மறைத்து வைத்த ஒரு கை. கையில் ஒரு காகிதப் பை. பையில் தெருமுனை இனிப்புக் கடையின் முத்திரை.

“அடப்பாவி!” ஹாமுரோ அம்மா துள்ளி எழுந்தார். “இனிப்பு உருண்டை! சர்க்கரை முந்நூறுல நிக்குது, டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கறாரு, இந்த ஆளு பைநிறைய வாங்கி ஒளிச்சுக்கிட்டு நிக்கிறாரு பாரு! அன்னிக்கு ராத்திரி பசிக்கலைன்னு சோத்தைத் தள்ளி வெச்சாரு. என் சமையல் அலுத்துப்போச்சோன்னு எத்தனை நாள் மருகினேன் தெரியுமா?”

திட்டினார், சிரித்தார், அழுதார். மூன்றில் எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று எனக்குப் பிரித்து எழுதத் தெரியவில்லை. நான்கு நிமிடம் முடிந்ததும், “இன்னொரு தடவை போடு. காலு பாக்கல” என்றார்.

6

அடுத்த வாரம் அந்த விளக்கு கிடைத்துவிட்டது. மாற்றினால் படம் முழுசாக, வெளிச்சமாகத் தெரியும். மாற்றட்டுமா என்று நட்சுயே கேட்டாள். ஹாமுரோ அம்மா என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும், நான் எழுதப்போவதில்லை. அந்த வீட்டில் டார்ச்சை வைத்துக்கொண்டு ஐந்தாறு தடவை உட்கார்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் செருப்பைப் பார்க்கவில்லை, பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்க்கவில்லை. நட்சுயே புது விளக்கோடு வாசலில் நிற்கிறாள். வம்புக்காரிதான், ஆனால் பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருப்பாள். அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.