முட்டுச்சந்தில் ஒரு ஹாரன்

எங்கள் மலையில் ஷேர் ஜீப் ஓட்டும் கோபால்சாமி அண்ணன் நல்லவர்தான். ஆனால் அவரை நம்பி எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. செங்கத்துக்குப் போகும் வழியில் எந்தக் கிளைப் பாதை வந்தாலும் உள்ளே நுழைந்து, கடைசி வீடு வரை போய் ஹாரன் அடிப்பார். யாராவது கஞ்சி குடித்துவிட்டு வருகிறேன் என்றால் காத்திருப்பார். ஆளே இல்லையென்றால் ரிவர்ஸ். இந்தக் கூத்தில் எனக்கு ஏற்கெனவே இரண்டு வேலைகள் கைநழுவிப் போயிருந்தன.

மூன்றாவதாக, செங்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைக்கு ஆள் கேட்டார்கள். பத்து மணிக்குள் வந்தால் பேசலாம், தாண்டினால் அப்படியே திரும்பிவிடலாம் என்று முதலாளி ஜீவானந்தம் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். இதுவும் போனால் அப்பா என்னைப் புளி உடைக்க உட்கார வைத்துவிடுவார்.

முந்தின நாள் சாயங்காலம், சிக்னல் கிடைக்கும் பாறையில் உட்கார்ந்து போனில் விளையாடிக்கொண்டிருந்தேன். குறுக்கும் நெடுக்குமான சந்துகளுக்குள் ஒரு சிவப்புப் புள்ளியை விரலால் நகர்த்தி வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு நிமிடம்தான் கெடு. எட்டிப் பார்த்த கோபால்சாமி அண்ணன், இந்த மலையிலேயே தனக்குத் தெரியாத வழி கிடையாது, இதென்ன பிரமாதம் என்றார். பந்தயம் கட்டினேன். நான் ஜெயித்தால் நாளைக்கு ஜீப் எங்கும் நுழையாமல் நேரே செங்கம். அவர் ஜெயித்தால் இனிமேல் நான் முணுமுணுக்கவே கூடாது.

நான் நேரம் மீதி வைத்தே முடித்துவிட்டேன். அவர் புள்ளியை முதல் முட்டுச்சந்துக்குள் விட்டார். வெளியே வந்து அடுத்ததற்குள் விட்டார். சரியான வழி எதிரிலேயே இருந்தது. அதை விட்டுவிட்டு இன்னொன்றுக்குள் நுழைந்தார்.

“அங்க இன்னாண்ணா இருக்குது?”

“யாராச்சும் நின்னுனு இருந்தா?” என்றார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

காலையில், சொன்ன சொல் தவறாமல் நேரே ஓட்டினார். ஜீப்பில் நாங்கள் இருவர்தான். ஒவ்வொரு கிளைப் பாதையைத் தாண்டும்போதும் அவர் கை ஹாரனுக்குப் போய்ப் போய்த் திரும்பியது. எனக்கு ஒரே குஷி. பாதி வழியில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. பிரேக் போட்டார், எஞ்சின் நின்றுவிட்டது.

அந்த ஜீப் தள்ளினால்தான் கிளம்பும். எங்கள் ஊரில் அதைச் சரிவில் நிறுத்தியிருப்பதால் தானே உருண்டு கிளம்பிவிடும். இங்கே சமதரை. தினமும் இறங்கித் தள்ளுகிறவர்களோ, நாங்கள் நுழையாமல் வந்த சந்துகளில் நின்றுகொண்டிருந்தார்கள். புதுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே தள்ளினேன். அசையவில்லை. ஆடுகள்கூட நின்று வேடிக்கை பார்த்தன.

அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே பின்னால் நடந்து, கடைசியாகத் தாண்டிய கிளைப் பாதைக்குள் போய், ஹாரனுக்குப் பதிலாகத் தொண்டை கிழியக் கத்தினேன். பாஞ்சாலை அக்கா சாவகாசமாக வெளியே வந்தார். பிள்ளைக்குக் காதுகுத்து வைத்திருந்தார். துணி எடுக்க மொத்தச் சொந்தமும் காலையிலிருந்தே காத்திருந்ததாம்.

“வண்டி எங்கள வுட்டுட்டுப் போய்டுச்சின்னு நெனச்சோம். இரு, தல வாரினு வர்றேன்.”

அவர் தலை வாரி, எல்லாரும் வந்து தள்ளி, நாங்கள் கடைக்குப் போனபோது பத்து எப்போதோ தாண்டியிருந்தது. முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, போகலாம் என்றார். திரும்பினேன். போக வழியில்லை. வாசலை அடைத்துக்கொண்டு பாஞ்சாலை அக்காவும் சொந்தக்காரர்களும் நின்றார்கள்.

“எங்களாலதாங்க லேட்டு. இந்தப் பொண்ணுக்கு வேல இல்லன்னா சொல்லிடுங்க, நாங்க எதிர்க்கடைக்குப் போய்டறோம்” என்றார் அக்கா.

முதலாளி இப்போது நிமிர்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி கூட்டத்தைப் பார்த்தார். ஆட்களை அழைத்துப் பாய் விரிக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, எந்த வண்டியில் வந்தாய் என்று கேட்டார். சொன்னேன்.

“தினமும் அதுலயே வா. ஒரு ஊரையும் வுடாத. லேட்டானா பரவால்ல.”

வெளியே ஜீப்பில் சாய்ந்து நின்ற கோபால்சாமி அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சிரிக்கவில்லை. ஆனால் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

சாயங்காலம் பாறையில் உட்கார்ந்து அதே விளையாட்டைத் திறந்தேன். வழி நேரே தெரிந்தது. ஆனாலும் என் விரல் ஒவ்வொரு முட்டுச்சந்துக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தது. தோற்றுப்போனேன்.